புதுப்பிப்பு: சாவி கொடுத்தும் ஓடாத ஜப்பான் தகரக் கார்

சாவி கொடுத்தாலும் அசையாத பழைய ஜப்பான் தகரப் பொம்மைக் கார் பற்றி, எப்படிச் சரிசெய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைப் பயன்படுத்தச் சொன்ன யோசனைதான். ஸ்பிரிங்கை முழுக்கத் தளரவிட்டு, அடிப்பக்க இடுக்கு வழியாகப் பற்சக்கரங்களில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிசினாக இறுகியிருந்த பழைய எண்ணெய் கரைந்து வழிந்தது. (ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கமே போகாதீர்கள்.) காரின் பாகங்களைப் பிணைக்கும் தகர மடிப்புகளைப் பிரிக்கவில்லை, பழைய தகரம், மறுபடி மடக்கினால் முறியும்.

எதிர்பாராதது: அப்புறமும் பின்சக்கரம் இறுக்கமாகவே இருந்தது. அச்சில் கம்பளி நூல் சுற்றியிருந்தது! இடுக்கியால் எடுத்ததும் சரியாகிவிட்டது. அச்சு முனைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையளவு போதும்.

வினிகரால் சுத்தம் செய்யச் சொன்ன யோசனையைத் தொடவில்லை. அச்சிட்ட வண்ணத்துக்கு ஈரப் பஞ்சே அதிகம். அழுக்கு போனதும் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது' என்ற முத்திரை தெரிந்தது. அப்படியானால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாட்டுப் படைகளின் பிடியில் இருந்தபோது, 1947-52 காலத்துச் சரக்கு.