வயசுக்கு வந்ததும் பள்ளி நின்னுபோகுது: கண்ணகி நகர் பெண் பிள்ளைகள் குழுவை எப்படி நடத்துறது?

தரமணி_வாலண்டியர்:
சென்னை கண்ணகி நகர்ல 12 முதல் 16 வயசு வரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வழிகாட்டிக் குழு ஆரம்பிக்கிறோம். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கு நீண்ட லீவு, பிறகு ஊர்ல தாய்மாமன் வீட்டுப் பேச்சு, பத்தாவது முடிஞ்சா கல்யாணம். இதை எங்கே வெட்டுறது? சடங்கே வேண்டாம்னு சொல்லலாமா? கல்யாணம் முடிவாயிடுச்சுன்னா யாருக்குச் சொல்றது?

சோழிங்கநல்லூர்க்காரி:
சடங்கே வேண்டாம்னு ஆரம்பிச்சா அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் வராது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் வளர்ற பிள்ளைக்கு நல்ல சாப்பாடுதான், அது இருக்கட்டும். தனியா உட்கார வைக்கிற நாளைக் குறைக்கச் சொல்லுங்க, விழாவை மே லீவுக்குத் தள்ளச் சொல்லுங்க. முக்கியமா, பிள்ளை படம் போட்ட ஃப்ளெக்ஸ் வேண்டாம்னு கேளுங்க. தெருமுனையில எட்டடி பேனர் நின்னா "எங்க வீட்ல பொண்ணு இருக்கு"ன்னு தண்டோரா போட்ட மாதிரி, உடனே சம்பந்தப் பேச்சு வந்துடும். மொய் திரும்ப வரும்னு வட்டிக்கு வாங்கி மண்டபம் பிடிப்பாங்க. வர்ற மொய்யையும் கட்டற வட்டியையும் அம்மாவையே ஒரு தாள்ல எழுதவிடுங்க.

குழுவுக்கு 10, 12 பிள்ளைங்க போதும். 12-13 வயசை 14-16 கூட கலக்காதீங்க, சின்னதுங்க வாயே திறக்காது. யார் வீட்லயும் வேண்டாம், அங்கன்வாடி கிடைச்சா நல்லது. தண்ணி பிடிக்கிற நேரத்துல கூட்டம் வச்சா ஆள் வராது. முதல் நாலு வாரம் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க, மாதவிடாயிலிருந்து ஆரம்பிங்க. நாப்கினோ துணியோ, 4-6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும். வெட்கப்பட்டு துணியை ஈரத்தோட கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறாங்க, அரிப்பும் புண்ணும் அதுலதான் வருது. துவைச்சு வெயில்ல காயணும். பள்ளியில தர்ற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயித்துல போட்டா குமட்டும், பிறகு தொடவே மாட்டாங்க. சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க. ஒரு பிள்ளை தொடர்ந்து ரெண்டு வாரம் வரலைன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போயிடுங்க.

மூணாவது_மாடி:
அம்மாக்கள் "எங்க வழக்கம்"னு சொன்னா அதுல பாதி பயம். வீட்டு வேலைக்கு விடியக்காலையில கிளம்புறவங்களுக்கு, பொண்ணு நாள் முழுக்கத் தனியா இருக்காளே, யாரோடயாவது போயிடுவாளோன்னு உதறல். சட்டத்தை எடுத்து நீட்டினா பொண்ணை ராத்திரியே ஊருக்கு அனுப்பிடுவாங்க. பிள்ளைங்க நாலஞ்சு பேரா சேர்ந்து பஸ் ஸ்டாப்லேருந்து நடந்து வரட்டும், அம்மா வர்ற வரைக்கும் உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேணும். இது இல்லாம எவ்வளவு அறிவுரை சொன்னாலும் வீண். "நீயே முடியாதுன்னு சொல்லு"ன்னு பிள்ளை தலையில கட்டாதீங்க, அடி வாங்கப் போறது அவதான். வீட்ல யார் பேச்சு எடுபடும்னு பார்த்து, பாட்டியோ மாமாவோ, அவங்ககிட்ட பேசுங்க.

பணமும் பேசும். அரசுப் பள்ளியில 6-லிருந்து 12 வரை படிச்சு கல்லூரி போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய், ஐடிஐ சேர்ந்தாலும் உண்டு. நடுவுல தனியார் பள்ளிக்கு மாத்தினா அந்தப் பணத்துக்கு வழி அடைபடலாம், முன்னாடியே சொல்லிடுங்க. பத்தாவதுல ஒரு பாடம் போச்சுன்னா அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கு. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டாதான் வீட்ல உட்கார வச்சு வரன் பார்ப்பாங்க.

வக்கீல்_அக்கா:
கல்யாணம் முடிவானது தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்க. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, உங்க பேர் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. பத்திரிகைப் படம், தேதி, மண்டபமோ கோயிலோ, இதை மட்டும் கையில வச்சுக்குங்க. முந்தின ராத்திரி வரை காத்திருக்காதீங்க. தமிழ்நாட்டுல குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலர்தான். கண்ணகி நகர் சென்னை மாவட்டம், பக்கத்துப் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். மனு கொடுக்கும்போது குழப்பிக்காதீங்க.

பெற்றோர்கிட்ட "இப்போ கல்யாணம் பண்ண மாட்டோம்"னு எழுதி வாங்கிட்டு விட்டுடுறதுலதான் பெரும்பாலும் கோட்டை விடுறோம். ஒரு மாசம் கழிச்சு சொந்த ஊர்க் கோயில்ல தாலி கட்டிடுவாங்க. 2006 குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுல மாஜிஸ்திரேட்கிட்ட தடையாணை வாங்கச் சொல்லி அந்த அலுவலர்கிட்ட கேளுங்க. தடையாணையை மீறி நடந்தா அந்தக் கல்யாணம் செல்லாது (பிரிவு 14). தடையாணை இல்லாம நடந்துட்டா பெரும்பாலும் தானா செல்லாம போகாது, பொண்ணே மனு போட்டுத்தான் ரத்து செய்யணும், 20 வயசு முடியறதுக்குள்ள. நடத்தி வைக்கிற பூசாரிக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இதை மண்டப மேனேஜர் காதுல போட்டாலே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவார்.

பிள்ளையை உங்க வீட்ல தங்க வைக்கவே கூடாது. கடத்தல்னு உங்க மேலயே புகார் வரும்.

தரமணி_வாலண்டியர்:
ரொம்ப நன்றிங்க அக்கா. ஆதார்ல 18 ஆயிடுச்சுன்னு காட்டினா?

வக்கீல்_அக்கா:
ஆதார் வயசுக்குச் சான்று ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024-ல சொல்லியிருக்கு. பள்ளிச் சான்றோ பத்தாவது மார்க் ஷீட்டோ முதல்ல, அது இல்லைன்னா மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ். குழுவுல சேரும்போதே ரெண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்து பிள்ளைகிட்ட ஒண்ணு, உங்க ஃபைல்ல ஒண்ணு வச்சிடுங்க. பிரச்சினை வர்ற அன்னைக்கு அசல் பீரோவுல பூட்டியிருக்கும்.