அம்மாவுக்கு ரெண்டு கோப்பு: பயனர் தாறதை ஏபிஐ திருத்தலாமா, திருப்பி அனுப்பவேணுமா?

உவர்மலையான்:
திருகோணமலையில ஒரு கிளினிக்குக்கு நேரம் பதியிற அப் ஒண்டுக்கு ஏபிஐ (அப்பும் சேர்வரும் தரவு பரிமாறுற வழி) எழுதிக்கொண்டிருக்கிறன். போன கிழமை அம்மாவின்ர பேரைத் தேடினா ரெண்டு கோப்பு வருது. ரெண்டிலயும் "கோமதி" எண்டுதான் கிடக்கு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. குறியீடு குறியீடாப் பிரிச்ச பிறகுதான் விளங்கினது. ஒண்டில ககரத்துக்குப் பின்னால ஓகாரக் குறி ஒண்டு மட்டும். மற்றதில ஏகாரக் கொம்பு தனி, அரவு தனி. பிரஷர் குளிசை மாத்தின குறிப்பு ஒரு கோப்பில, பழைய குளிசை மற்றதில.

இனி வாற எல்லாத்தையும் சேர்வரே என்எஃப்சிக்கு (ஒரே எழுத்தின்ர வேற வேற குறியீட்டை ஒண்டாக்கிற யுனிகோட் முறை) மாத்தி, இடைவெளி வெட்டி, போன் நம்பரை +94 ஆக்கி, 9 இலக்க அடையாள அட்டையை 12 இலக்கமாக்கித்தான் சேமிக்கும். ஆர் எதிர்க்கிறியள்?

கிண்ணியா நானா:
நான் எதிர்க்கிறன் தம்பி. என்எஃப்சி சரி, ஒரே எழுத்தின்ர ரெண்டு உருவத்தை ஒண்டாக்குது, அவ்வளவுதான். ஆனா திகதி 03/04 எண்டு வந்தா ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? சேர்வர் ஊகிச்சா பிழை சத்தமில்லாம உள்ளுக்குப் போயிரும். 400 (அனுப்பினது பிழை எண்டு சொல்லுற பதில் எண்) குடுத்துத் திருப்பி அனுப்புங்க, எந்தக் கட்டத்தில என்ன பிழை எண்டு தமிழில சொல்லுங்க.

உவர்மலையான்:
நானா, பிறந்த நாள் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளயே இருக்கே: வருசம், அந்த வருசத்தில எத்தனையாவது நாள், பெண்ணெண்டா அதோட 500. அதை வைச்சே சரிபார்க்கலாம். அனுப்பும்போது கண்டிப்பு, வாங்கும்போது தாராளம் எண்டு ஜொன் பொஸ்டல் 1980இலயே டிசிபி எண்ட இணைய நெறிமுறையின்ர வரையறையில எழுதிட்டார். மூதூரில இருந்து 077க்குப் பிறகு இடைவெளி விட்டு அடிக்கிற ஐயாவைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது.

கிண்ணியா நானா:
இடைவெளியை வெட்டுங்க, அதில சண்டை இல்லை. சின்னப் பிள்ளைக்கு அடையாள அட்டை எங்க இருக்கு? பிள்ளையளின்ர தடுப்பூசித் திகதியத்தான் நான் நினைக்கிறன். பொஸ்டல் சொன்னதுக்கு மறுப்பும் வந்திருக்கு: 2023இல வந்த ஆர்எஃப்சி 9413 எண்ட இணைய ஆவணம். பிழையை விழுங்கிக்கொண்டே இருந்தா அந்தப் பிழையே நாளைக்கு வழக்கமாகிரும்.

நிலாவெளிக்காரி:
என்ர அனுபவத்தைச் சொல்லுறன். முந்தி ஒரு இடத்தில, கண்ணுக்குத் தெரியாத குறியெல்லாம் குப்பை எண்டு நினைச்சு வடிகட்டி போட்டனான். தமிழ்ப் பேருக்கு ஒண்டும் ஆகேல்ல. சிங்களத்தில "ஸ்ரீ" எழுத சீரோ விட்த் ஜொய்னர் எண்ட, எழுத்தைச் சேர்த்துவைக்கிற கண்ணுக்குத் தெரியாத குறி வேணும், அதையும் வெட்டிப்போட்டன். ஒரு சிங்கள அம்மா அச்சடிச்ச அட்டையைக் கவுண்டரில வைச்சு, உடைஞ்சு கிடந்த முதலெழுத்தை நகத்தால ரெண்டு தரம் தட்டிக் காட்டினா. ஒண்டும் பேசேல்ல. மூண்டு மொழிக்காரரும் வாற ஊரில தமிழுக்கு மட்டும் சோதிச்சது என்ர பிழை.

தமிழிலயும் என்எஃப்சி எல்லாத்தையும் பிடிக்காது. "ஸ்ரீ"யை ஸகரத்திலயும் தொடங்கலாம், 2005இல யுனிகோட்டில சேர்ந்த ஶகரத்திலயும் தொடங்கலாம். பார்வைக்கு ஒண்டு, தேடலுக்கு ரெண்டு.

அடையாள அட்டையும் அப்பிடித்தான் தம்பி. முன்னுக்கு 19, ஐஞ்சாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு சைபர், கடைசி எழுத்தை எடுத்தா 12 இலக்கம் வந்திடும். ஆனா கடைசியில இருந்தது V எழுத்தா X எழுத்தா எண்டதைத் திருப்பி எடுக்கேலாது. அதால ஆள் அடிச்சதை அடிச்சபடியே ஒரு நிரலில (டேபிளின்ர கொலத்தில) வையுங்கோ. மாத்தினது தேடலுக்கும் ஒப்பிடவும் வேற நிரலில. பதில் அனுப்பேக்க மாத்தினதையும் சேர்த்து அனுப்புங்கோ. தான் அடிச்சதைச் சேர்வர் எப்பிடி விளங்கிக்கொண்டதெண்டு ஆள் பார்க்கவேணும்.

உவர்மலையான்:
அக்கா, ரெண்டு நிரல் யோசனையை எடுக்கிறன். போன் நம்பரை இவ்வளவு நாளும் எண்ணாத்தான் வைச்சிருந்தனான், 026இன்ர முன் சைபரெல்லாம் போயிட்டுது. அதையும் எண்ணா இல்லாம எழுத்துச் சரமாக்கிறன். பழைய கோப்புகளில தேடல் பேரும் போனும் ஒத்து வந்தா தானா இணைச்சுவிடட்டா?

கிண்ணியா நானா:
வேணாம்! ஒரே போனில உம்மா, மாமி, மகள் எண்டு மூண்டு பேரைப் பதியிற வீடு எங்கட பக்கம் நிறைய. மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே பேர் வந்தா? குளிசை மாறினா ஆர் பொறுப்பு? பட்டியலை மட்டும் எடுங்க, இணைக்கிறதை ஒரு ஆள் பார்த்துச் செய்யட்டும்.

உவர்மலையான்:
அதை மறுக்கேலாது நானா. 03/04ஐயும் இனித் திருப்பி அனுப்புறன். இடைவெளியைத் திருப்பி அனுப்பமாட்டன். நாளைக்குக் காலமை பட்டியலோட நேர்ஸ் அக்காவுக்குப் பக்கத்தில இருந்து ஒவ்வொண்டாப் பார்க்கப்போறம். முதல்ல அம்மாவின்ர.