மௌனமாக உட்கார்ந்திருப்பதும் ஜெபம்தானா?

விடியல்வாசகி:
எங்கள் சபையில் ஜெபம் என்றாலே சத்தம்தான். குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். இப்போது சில மாதங்களாக, காலையில் விண்ணப்பங்களைச் சொல்லி முடித்த பிறகு பத்து நிமிடம் பேசாமல் கர்த்தருடைய சமுகத்தில் இருந்து பார்க்கிறேன். ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர், "மனசைக் காலியாக வைத்தால் வேறு ஆவி புகுந்துவிடும்" என்று பயமுறுத்துகிறார். ஆனால் என் மனம் காலியானால்தானே! அலுவலகத்தில் ஒருத்தி சொன்ன குத்தல் பேச்சும், அதற்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதிலும்தான் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பழைய செவிலி:
தொடருங்கள் சகோதரி. நான் கத்தோலிக்கப் பெண். பணி ஓய்வுக்குப் பிறகு, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் முறையிலான எட்டு நாள் மௌன தியானத்துக்குப் போனேன் (முழு வடிவம் 30 நாள்). அதில் யாரும் மனதைக் காலி செய்யச் சொல்வதில்லை. ஒவ்வொரு செப வேளைக்கும் வேதத்தில் ஒரு பகுதி தருவார்கள், தினமும் வழிகாட்டியிடம் போய்ப் பேச வேண்டும். மற்ற நேரத்தில்தான் வாய்க்குப் பூட்டு.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? மாமியார் மேல் கோபம். அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆயிற்று, அடக்கத்தன்று அழுதவள்தான் நான். செபம் கெட்டுப்போயிற்று என்று வழிகாட்டியிடம் புலம்பினேன். "அதை ஏன் விரட்டுகிறீர்கள்? அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள்" என்றார். இரவு டியூட்டியில் பார்த்திருக்கிறேன்: வார்டு அடங்கிய பிறகுதான் நோயாளி தன் உண்மையான வலியைச் சொல்வார். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது.

ஓரேப்வாசி:
அந்த அக்காவிடம் 62ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது" என்று தொடங்கி, 8ஆம் வசனத்தில் இருதயத்தை அவர் சமுகத்தில் ஊற்றிவிடச் சொல்கிறது. அமர்ந்திருப்பதும் கொட்டித் தீர்ப்பதும் ஒரே சங்கீதத்தில் இருக்கின்றன.

அப்புறம் எலியா தீர்க்கதரிசி. ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் வரைக்கும்தான் பிரசங்கங்களில் கேட்போம். 1 இராஜாக்கள் 19இல் 10ஆம் வசனத்தையும் 14ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் மனிதர் "நான் ஒருவன்தான் மீதி, என் உயிரையும் வாங்கத் தேடுகிறார்கள்" என்ற அதே புலம்பலைத்தான் ஒப்பிக்கிறார்! கர்த்தர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம் பண்ணு என்று அடுத்த வேலையைக் கொடுத்து அனுப்புகிறார்.

நேர்பேச்சு:
கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசுகிறேன், கோபிக்காதீர்கள். நான் முன்பு இருந்த சபையில் கணக்கைக் கேட்டவர்களிடம், "அமைதியாக ஜெபியுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். அது மௌனமா, வாயடைப்பா? அலுவலகத்தில் நடப்பது உண்மையிலேயே அநியாயம் என்றால் பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்துபோய் நேராகப் பேசுங்கள். இன்னொன்று: மனச்சோர்வில் இருப்பவர்களை யாரும் நாள்கணக்கான மௌனத்துக்குள் தள்ளிவிட வேண்டாம்.

பழைய செவிலி:
கடைசியில் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் போன இடத்தில் விண்ணப்பப் படிவத்திலேயே மனச்சோர்வைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

விடியல்வாசகி:
எல்லோருக்கும் நன்றி. மனம் ஓடும்போது எப்படித் திரும்பி வருவது?

பழைய செவிலி:
ஒரு சின்ன வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியான் என்ற துறவி, 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை ஓயாமல் சொல்லச் சொன்னார். உதவிக்கு விரைந்து வரும்படி கடவுளைக் கூப்பிடும் வசனம் அது. மனம் ஓடியது தெரிந்ததும் ஒரு தடவை சொல்லுங்கள், மறுபடி சும்மா இருங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை. போனில் டைமர் வையுங்கள், இல்லாவிட்டால் கண் கடிகாரத்தை விட்டு வராது.