ருமேனியாவில் தன்னார்வ வேலை: பழைய வீடுகளும் சிறுவர் முகாமும். போகலாமா?

எல்பெக்கரை:
வணக்கம். ஜெர்மனியில், ட்ரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன், வயது 24. ஜூலை, ஆகஸ்டில் டிரான்சில்வேனியாவில் ஒரு கிராமத்துக்குத் தன்னார்வலராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலையில் பழைய சாக்சன் வீடுகளைச் சீர்படுத்தும் வேலை, மதியத்துக்கு மேல் சிறுவர்களுக்கான இயற்கை முகாம். இளைஞர்களின் தன்னார்வ வேலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் ‘ஐரோப்பிய சாலிடாரிட்டி கோர்’ திட்டம் என்பதால் தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுப் பணம் எல்லாம் உண்டு. ஆனால் எனக்குக் கரணை பிடிக்கத் தெரியாது, ருமேனிய மொழியும் தெரியாது. அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

காரைவீடு:
போங்கள். நான் 2022 கோடையில் சிகிஷ்வாரா பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு வாரம் இருந்தேன். ஊர் தேவகோட்டை, படிப்பு சிவில். சுற்றிலும் காரை வீடுகளைப் பார்த்தே வளர்ந்தும், சுண்ணாம்பைக் கையால் தொட்டுக் கற்றது அங்கேதான்.

சாக்சன்கள் என்றால் 12ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே வந்து குடியேறிய ஜெர்மானியர்கள், அவர்களின் ஊர்கள் அவை. 1990ஐ ஒட்டிப் பெரும்பாலானோர் ஜெர்மனிக்குப் போய்விட, எத்தனையோ வீடுகள் பூட்டியே கிடந்தன. புல் ஏற்றிய வண்டி நுழையும் அளவுக்கு வாசற்கதவு, உள்ளே நீள முற்றம், கடைசியில் களஞ்சியம். நாங்கள் வேலை செய்த வீட்டில் யாரோ அடிச்சுவருக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறி, பழைய பூச்சு உப்புப் பூத்து, விரல் பட்டாலே உதிர்ந்தது. முதல் நான்கு நாளும் அந்த சிமென்டைக் கொத்தி எடுத்தோம். அதற்குத் தொழில் தெரிய வேண்டாம், நிதானம் போதும். சுத்தியல் பலமாக விழுந்தால் செங்கல்லின் முகமே பெயர்ந்து வந்துவிடும்.

அப்புறம் பூச்சு. குழியில் நீற்றி மாதக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு, வெண்ணெய் மாதிரி இருக்கும். மணல் சேர்த்துக் குழைத்ததும் மேஸ்திரி கரணையில் ஒரு வாய் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார். ஒட்டி நின்றால் சரி, விழுந்தால் மறுபடி குழைக்க வேண்டும். அவர் பேசிய ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. கவிழ்த்த கரணை புரிந்தது. சுவரை முதலில் நன்றாக நனைப்போம், பூசியபின் ஈரச்சாக்கு தொங்கவிடுவோம். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாக உதிரும். சாக்கை நனைப்பது என் பொறுப்பு. ராத்திரி எழுந்துகூடப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

முகாமில் ஊர்ப் பிள்ளைகளே உங்களுக்கு வாத்தியார். மின்கம்பத்தின் மேல் நாரைக் கூடு, நம் செங்கால் நாரைதான். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கூட்டுக்குக் கீழே கிடந்த கருப்பு உருண்டை ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து உடைத்தான். நாரை கக்கிய எச்சம். உள்ளே வண்டுகளின் ஓடு, வெட்டுக்கிளிக் கால், எலிமுடி. அன்று மதியம் முழுக்க நாங்கள் வேறெதையும் செய்யவில்லை. ஆகஸ்ட் கடைசிக்குள் நாரைகள் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை: கரடி உண்டு, கூடாரத்துக்குள் சாப்பாட்டை வைக்காதீர்கள். மேய்ச்சல் நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் நின்று மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். தினமும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பனங்காடு:
எனக்கு நேர்ந்தது கசப்பு. வேறொரு நாட்டில் ஒரு முகாமுக்கு நானே கட்டணம் கட்டிப் போனேன். நான் யார் என்று யாரும் விசாரிக்காமலே பிள்ளைகளோடு விட்டார்கள். வாராவாரம் தன்னார்வலர்கள் மாற, கடைசி நாளில் ஒரு சின்னப் பெண் என் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இன்றுவரை மனசு ஆறவில்லை. சிறுவர்களோடு இருக்க ஜெர்மனியில் ஃப்யூருங்ஸ்ட்ஸாய்க்னிஸ் என்ற நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். உங்களிடமும் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காவிட்டால் ஏன் என்று நீங்களே கேளுங்கள். மற்றபடி விசா சிக்கல் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழுமையாக ஷெங்கனில் (உள் எல்லைகளில் வழக்கமான சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டில்) இருக்கிறது, ஜெர்மன் வதிவிட அட்டையோடு 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம்.

வைகைக்கரை:
இந்தியாவிலிருந்தே இதற்கு விண்ணப்பிக்க முடியுமா?

காரைவீடு:
இந்தத் திட்டத்தில் முடியாது. 18 முதல் 30 வயது வரை, ஐரோப்பிய ஒன்றியத்திலோ திட்டத்தில் சேர்ந்த மற்ற நாடுகளிலோ சட்டப்படி வசிப்பவர்களுக்குத்தான்.

எல்பெக்கரை:
ரொம்ப நன்றி அக்கா. சான்று கேட்டிருக்கிறார்கள், நேற்றே விண்ணப்பித்துவிட்டேன். ஒரே சந்தேகம்: கையுறை தோலில் வாங்கவா, ரப்பரிலா?

காரைவீடு:
நீளமான ரப்பர் கையுறை. தோல் என்றால் சுண்ணாம்புத் தண்ணீர் ஊறி உள்ளே கை வெந்துவிடும். கண்ணாடியையும் மறக்காதீர்கள், பக்கவாட்டும் மூடியதாக. கண்ணில் தெறித்தால் கசக்காமல் ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.