பிரிட்டிஷ் ஸ்பீட்வே: ஆட்டம் செத்ததா, நிலம் போனதா?

பிராண்டன்தேனீ:

போன கிழமை வேற ஒரு திரியில மெத்தனால் மணி இப்படி எழுதியிருந்தார்: "பிரிட்டன்ல ஸ்பீட்வே தானாச் செத்துப்போச்சு. பார்க்க ஆளில்ல, அதான் மைதானம் எல்லாம் வீடாகுது." அங்க பதில் போட்டா அந்தத் திரி குழம்பிப்போகும். அதால இஞ்ச தனியா எழுதுறன்.

புதுசா வாற ஆக்களுக்கு ரெண்டு வரி. ஸ்பீட்வே எண்டா மண் ட்ராக்கில பைக் ரேஸ். நாலு பேர், நாலு சுற்று. 500 சிசி, மெத்தனாலில ஓடுற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், ஒரே கியர், பிரேக் கிடையாது. முதல் ஆளுக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசி ஆளுக்கு முட்டை. இப்படி ஒரு இரவுக்கு 15 ஹீட். கதை அவ்வளவுதான்.

இப்ப விஷயம். மேல் டிவிஷன்ல 2016ல சாம்பியன் வுல்வர்ஹாம்டன். 2017ல ஸ்விண்டன், 2018ல பூல், 2019ல திரும்ப ஸ்விண்டன். 2020 கோவிட்டோட போச்சு. 2021ல பீட்டர்பரோ. இந்த நாலு அணியில மூண்டுக்கு இண்டைக்கு ஓடுறதுக்கு ட்ராக் இல்லை. தோத்துப்போய் ஆள் வராமல் மூடின அணியள் இல்லை இதுகள், கோப்பை தூக்கின அணியள். வுல்வர்ஹாம்டன்ல நாயோட்டம் நடத்துற ஆக்கள் 2023க்குப் பிறகு இடம் தரேலாது எண்டு சொல்லிட்டினம். பீட்டர்பரோவும் அதே வருஷம் போட்டுது, ஷோகிரவுண்ட் நிலத்தில வேற திட்டம். ஸ்விண்டன்ல 2019தான் கடைசி.

எங்கட கொவென்றியை விடுங்கோ, அதைப் பற்றி எழுதத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டன். 1948ல தொடங்கின எங்கட அணி பீஸ், 2016ஓட பிராண்டன் ஸ்டேடியம் பூட்டு. ஆட்டம் செத்து மைதானம் போகேல்லை தம்பி. மைதானத்தை முதல்ல எடுத்தாங்கள்.

மெத்தனால்_மணி:

அண்ணே, உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒரு கேள்வி. திங்கக்கிழமை ராத்திரி அஞ்சாயிரம் பேர் வந்து உட்கார்ற இடத்தை எந்த முதலாளியாவது காலி பண்ணச் சொல்வானா? கூட்டம் மெலிஞ்சதுக்கு அப்புறம்தான் நிலத்து மேல கண்ணு விழுது.

1981ல வெம்ப்ளி உலக ஃபைனலுக்கு 90,000 பேருக்கு மேல வந்தாங்க. அவங்க எங்க? அவங்க பிள்ளைங்க எங்க? வெம்ப்ளியை யாரும் அபார்ட்மென்ட் ஆக்கலையே.

நான் நேர்ல பார்த்ததைச் சொல்றேன். எங்க ஆபீஸ் பசங்க நாலு பேரைக் கூட்டிட்டுப் போனேன். டிக்கெட் ஆளுக்கு இருபது பவுண்டுக்குப் பக்கம். முதல் ஹீட்ல ஸ்டார்ட் டேப் மேல போச்சு, நாலு பைக்கும் முதல் வளைவுல ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு சறுக்கினப்ப பசங்க வாயைப் பிளந்துட்டாங்க. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. அப்புறம் டிராக்டர் வந்து மண்ணை வாருது, தண்ணி லாரி சுத்துது, பாட்டு போடுறாங்க. அடுத்த ஹீட்ல ஒருத்தன் விழுந்தான், ரீரன். ரெண்டேகால் மணி நேரம் உட்கார்ந்து மொத்தமா கால் மணி நேர ரேஸ்.

அதுல ஒருத்தன் கேட்டான்: "அந்த ரெட் ஹெல்மெட்காரர் இந்த ஊர் ஆளா?" இல்லடா, இன்னிக்கு மட்டும் கெஸ்ட்னு சொன்னேன். "அப்ப இவர் யாருக்கு ஓட்டுவார்?" அடுத்த வாரம் இதே ஊருக்கு எதிரா வர்ற டீமுக்கு. அந்தப் பையன் திரும்ப வரலை.

இதுக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

செல்வி_ஷெஃபீல்ட்:

கெஸ்ட் விதியைப் பத்தி மணி சொல்றது நூத்துக்கு நூறு. கால்பந்துல ஒரு டீமோட கோல்கீப்பருக்குக் காய்ச்சல்னா போட்டி டீம்ல இருந்து ஒருத்தரை அன்னிக்கு மட்டும் வாங்கிக்கலாம்னு சொன்னா சிரிப்பாங்க. இங்க அது சட்டம். சராசரிப் புள்ளி சமமாவோ குறைவாவோ இருந்தா போதும்.

ஆனா ரேஸ் சலிப்பா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க மணி. நான் பசங்களோட வியாழன்தோறும் இங்க ஓலர்ட்டன் ஸ்டேடியம் போறேன். பெரிய ட்ராக், நேர்கோட்டுல ஸ்பீட் பயங்கரம். நடுவுல டிராக்டர் ஓடுற நேரத்துலதான் என் மக ப்ரோகிராம்ல புள்ளி எழுதுறா, யார் எந்த ஹீட்ல எந்த கேட்னு கணக்குப் போடுறா. ஸ்கூல்ல கூட்டல் கழித்தலுக்கு அழுவா, இங்க எட்டு ஹீட் முடிஞ்சதும் எத்தனை புள்ளி பின்னாடி இருக்கோம்னு மனக்கணக்கா சொல்றா. அந்த இடைவெளி இல்லாட்டா இந்த ஆட்டமே இல்ல.

வ்ரோட்ஸ்வாஃப்_ராஜா:

போலந்துல இருந்து ஒரு குரல். ஞாயித்துக்கிழமை இங்க ஒலிம்பிக் ஸ்டேடியத்துல பிரிட்டிஷ்காரர் டான் பியூலி ஓட்றதைப் பார்த்துட்டு வருவேன். மறுநாள் ராத்திரி அவர் மான்செஸ்டர்ல பெல் வூ அணிக்கு ஓட்டுவார். அதே ஆள், அதே வேகம். இங்க டிக்கெட் கிடைக்க அலையணும், அங்க எங்க வேணா நின்னு பார்க்கலாம்.

இங்க நிறைய ஊர்ல ஸ்டேடியம் மாநகராட்சியோடது. ஸ்பீட்வே அந்த ஊரோட மானப் பிரச்சனை. தோருன்ல 2009ல ஸ்பீட்வேக்குன்னே மோட்டோஅரீனா கட்டினாங்க. தேனீ அண்ணன் சொல்ற நிலக் கதையில நியாயம் இருக்கு. அதோட டிவி காசு, சைனிங் காசு எல்லாம் இங்கதான். 2019ல இருந்து உலகப் பட்டத்தை வீட்டுல அடுக்கி வச்சிருக்கிற எங்க போலந்து ஆள் ஸ்மார்ஸ்லிக் பிரிட்டிஷ் லீக்ல ஓட்டுறதில்ல. அவருக்கு என்ன அவசியம்?

பிராண்டன்தேனீ:

மணி, 1981ஐ நீங்களே இழுத்ததுக்கு நன்றி. அந்த ஃபைனல்ல முதல் மூண்டு பேர் ஆர்? புரூஸ் பென்ஹால், ஓலே ஓல்சன், டொமி நட்சன். அமெரிக்கன் ஒருத்தன், டேனிஷ் ரெண்டு பேர். மூண்டு பேரும் கிழமைக்குக் கிழமை பிரிட்டிஷ் லீக்கில ஓடின ஆக்கள். பென்ஹால் கிரேட்லி ஹீத், மற்ற ரெண்டு பேரும் எங்கட கொவென்றி பீஸ். சனிக்கிழமை பிராண்டன்ல வேலியோட நிண்டு முகத்தில ஷேல் மண் அடிக்க அடிக்கப் பாத்த ஆக்கள்தான் செப்டம்பர்ல வெம்ப்ளிக்கு பஸ் பிடிச்சவை. உள்ளூர் ட்ராக்தான் அந்தக் கூட்டத்தைச் செய்தது. கிரேட்லி ஹீத்தின்ர டட்லி வுட் ஸ்டேடியம் இப்ப வீடுகள். அந்தச் சனம் எங்க போகும்? வீட்டில இருந்து ஒண்டரை மணித்தியாலம் கார் ஓடி வேற ஊர் அணிக்குக் கை தட்டுமா?

கூட்டம் இருந்தா முதலாளி காலி பண்ணச் சொல்ல மாட்டான் எண்டுறியள். 1957ஐப் பாருங்கோ. வெம்ப்ளி லயன்ஸ் அந்தக் காலத்துப் பெரும் பெயர். ஸ்டேடியத்தை நடத்தின சர் ஆர்தர் எல்வின் பெப்ரவரியில செத்தார், அந்த சீசன் லயன்ஸ் ஓடவே இல்லை. ஒரு மனுசன் போனவுடன அணியும் போச்சு. அடுத்தவன்ர கூரைக்குக் கீழ இருந்தா இதுதான் கெதி. பிரிட்டிஷ் ப்ரமோட்டர்மாரில கனபேர் வாடகைக்காரர். கிழமையில ஒரு இரவு மட்டும் ட்ராக், மற்ற நாள் நாய் ஓடும். ஒரு வீட்டுக் கம்பெனி தாற காசுக்கு முன்னால அந்த ஒரு இரவு வாடகை என்னத்துக்கு ஆகும்? கூட்டம் ஆயிரமா மூவாயிரமா எண்டு பாக்கிறதே இல்லை.

மெத்தனால்_மணி:

சொந்த இடம் இருந்தா பிழைச்சுக்கும்னு சொல்றீங்க. சரி, சொந்த இடம் இருந்தவங்க கதைக்கு வருவோம்.

சாமர்செட். ஓக்ட்ரீ அரீனா, ஸ்பீட்வேக்குன்னே 2000ல போட்ட ட்ராக். நாய் ஓட்டக்காரன் தயவு கிடையாது. என்ன ஆச்சு? 2019க்கு அப்புறம் அவங்க டீம் ரெபல்ஸ் அங்க ஓடலை. வெளியாள் வந்து துரத்தலையே.

மான்செஸ்டர். ராஜா சொல்ற போலந்து மாடல் மாதிரியே கவுன்சில் காசு போட்டு நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம் கட்டினாங்க. 2016 மார்ச்ல பழைய உலக சாம்பியன் பீட்டர் கிரேவன் பேருல திறப்பு விழா. ஜனம் வந்து நிறைஞ்சு உட்கார்ந்தாச்சு. ட்ராக் ஓட்ற நிலையில இல்லைன்னு ரேஸ் ரத்து! எண்பது வருஷத்துக்கு மேல இதே தொழில்ல இருக்கிற ஒரு ஊர்ல, கோடிக்கணக்குல செலவழிச்ச ஸ்டேடியத்துல, முதல் ராத்திரி மண்ணு சரியில்ல. இதையும் நிலத்து மேல போடுவீங்களா?

இந்த ஆட்டத்தை நடத்துறவங்களுக்கு நடத்தத் தெரியலைங்கறதுதான் என் வாதம். டீம்ல ஓட்றவங்களோட சராசரிப் புள்ளியைக் கூட்டி அதுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கிறாங்க. அதனால ஜெயிச்ச டீமை அந்தக் குளிர்காலமே உடைக்க வேண்டியிருக்கு. பிடிச்ச ஆளோட ஸ்கார்ஃப் வாங்கினா அடுத்த மார்ச்ல அவர் எதிர் டீம். ஒரே ஆள் மேல் டிவிஷன்ல ஒரு ஊருக்கும், கீழ் டிவிஷன்ல இன்னொரு ஊருக்கும். 2024லயும் 2025லயும் மேல் டிவிஷனான பிரீமியர்ஷிப்ல மொத்தம் ஏழு டீம். ஏழே ஏழு! ஒரே எதிரி திரும்பத் திரும்ப வந்து நிக்கிறான்.

செல்வி_ஷெஃபீல்ட்:

அந்த உச்சவரம்பு இல்லாட்டா பணக்கார ப்ரமோட்டர் ரெண்டு பேர் எல்லாரையும் வாங்கிடுவாங்க மணி. மிச்சம் அஞ்சு டீம் ஜூன் மாசமே கடையை மூடிடும்.

ஒரே ஆள் ரெண்டு டிவிஷன்லயும் ஓட்டுற டபுளிங்-அப் பத்தியும் ஒண்ணு. அது ரசிகருக்குப் பிடிக்கலைதான், ஓட்றவங்க வயித்தையும் பாருங்க. பைக், எஞ்சின், டயர், வேன், மெக்கானிக் கூலி எல்லாம் அவங்க கைக்காசு. வருமானம் எடுக்கிற புள்ளிக்குத்தான். மழை வந்து ரத்தானா அன்னிக்குப் பைசா கிடையாது. வாரம் ஒரு மேட்ச் ஓட்டி யாரும் எஞ்சின் சர்வீஸ் பண்ண முடியாது.

ஹீட்15:

ரெண்டு டிவிஷனையும் சேர்த்து ஒரே லீக் ஆக்கினா முடிஞ்சது. 1965ல அதைத்தானே பண்ணாங்க. நேஷனல் லீக்கும் ப்ரொவின்ஷியல் லீக்கும் சண்டை போட்டுட்டு, கடைசியில சேர்ந்து 18 டீமோட பிரிட்டிஷ் லீக்.

செல்வி_ஷெஃபீல்ட்:

1965ல உலகத்துல நல்லா ஓட்றவன் வேற எங்கயும் போக இடமில்ல. இன்னிக்கு ஜாக் ஹோல்டர் மாதிரி உலகத்தரமான ஆளையும் நேத்து லைசன்ஸ் வாங்கின பையனையும் ஒரே ஹீட்ல விட்டா முதல் சுத்துலயே அரை ட்ராக் இடைவெளி. அதைப் பார்க்க யார் காசு குடுப்பா?

ஹீட்15:

அப்ப ஜாக் ஹோல்டர் வேண்டாம். பூல் என்ன பண்ணாங்க? மேல இருந்து தானா இறங்கி, கீழ் டிவிஷனான சாம்பியன்ஷிப்ல ஓட்டினாங்க. செலவு குறைஞ்சது, அங்கயும் கோப்பை அடிச்சாங்க. ரசிகன் பெரிய பேரைப் பார்க்க வர்றான்னு நினைக்கிறது தப்பு. தன் ஊரு ஜெயிக்கிறதைப் பார்க்க வர்றான்.

வ்ரோட்ஸ்வாஃப்_ராஜா:

இதுல வேடிக்கை என்னன்னா, லீக் இப்படி இளைச்சுக்கிட்டு இருக்கிற இதே காலத்துலதான் பிரிட்டிஷ் ஓட்டக்காரங்க அசத்துறாங்க. வொஃபிண்டன் மூணு உலகப் பட்டம், 2013, 2015, 2018. அவருக்கு முன்னாடி எந்த பிரிட்டிஷ்காரரும் மூணு எடுத்ததில்ல. நாடுகளுக்கு நடுவுல நடக்கிற ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்ல 2021லயும் 2024லயும் ஜெயிச்சது பிரிட்டன், ரெண்டும் மான்செஸ்டர் மண்ணுல. 2024 உலகப் பட்டப் போட்டியில லாம்பர்ட் ரெண்டாமிடம். கார்டிஃப்ல நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீல அந்த வருஷம் ஜெயிச்சது பியூலி.

ஆனா லாம்பர்டைத் தோருன்ல தெருவுல போற பையனுக்கு அடையாளம் தெரியும். அவர் சொந்த ஊர்ப் பக்கம் நார்ஃபக்ல தெரியுமா?

மெத்தனால்_மணி:

அதேதான் ராஜா! கையில உலகத்தரமான ஆளை வச்சுக்கிட்டு விற்கத் தெரியலை. கார்டிஃப்னு ஒரு பெரிய மேடை இருந்தது, 2001ல இருந்து கூரை போட்ட ஸ்டேடியத்துல பல்லாயிரம் பேர். 2025ல அதுவும் மான்செஸ்டருக்குப் போச்சு, சில ஆயிரம் பேர் உட்கார்ற இடம். இதுக்கு எந்த வீட்டுக் கம்பெனியைத் திட்டுறது?

பிராண்டன்தேனீ:

மணி, நடத்துறவை எல்லாம் கெட்டிக்காரர் எண்டு நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை. கெஸ்ட் விதி எனக்கும் பிடிக்காது. இருபது முப்பது வருசமா அதைத் திட்டிக்கொண்டே ப்ரோகிராம் நிரப்பின ஆள் நான். ஆனா அந்த விதி எங்க இருந்து வருது எண்டு யோசிச்சனியளோ? ஆள் பத்தாமல். ஆள் ஏன் பத்தேல்லை? பெடியள் பழக ட்ராக் இல்லை. ஈஸ்ட்போர்ன், ரை ஹவுஸ், லேக்சைட், எல்லாம் வரிசையாப் போட்டுது. லண்டனைச் சுத்தி இருக்கிற ஒரு பெடியன் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு எங்க போய்ப் பழகுறது? நீங்கள் நோய் எண்டு சொல்லுற ஒவ்வொண்டும் எனக்கு ட்ராக் போனதின்ர பிள்ளையாத்தான் தெரியுது.

ஓக்ட்ரீயைச் சொன்னியள். அதுவும் என்ர பக்கம்தான் நிக்குது. அது தனியாற்ற சொத்து. விக்க நினைச்சா வித்துப் போடலாம், கேக்க ஆளில்லை. நான் கேக்கிறது ப்ரமோட்டருக்குச் சொந்தமா ஒரு காணி இல்லை. ஊருக்குச் சொந்தமா ஒரு ட்ராக். பெல் வூ திறப்பு இரவு வெட்கக்கேடு, ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த அணி இண்டைக்கும் ஓடுது, 2022லயும் 2024லயும் லீக் வெண்டுது. ஒரு தனியார் காணியில அப்பிடி ஒரு தொடக்கம் நடந்திருந்தா ரெண்டாம் வருசம் புல்டோசர் நிண்டிருக்கும்.

மெத்தனால்_மணி:

சரிண்ணே, உங்க பிராண்டனுக்கே வர்றேன். வீடு கட்ட அனுமதி கேட்டாங்க. 2022ல ரக்பி ஊர் கவுன்சில் முடியாதுன்னுடுச்சு. மேல்முறையீட்டுலயும் தோத்தாங்க. நீங்க கேட்ட மாதிரி ஊரு உங்க பக்கம் நின்னாச்சு. பைக் ஓடுதா?

பிராண்டன்தேனீ:

இல்லை. ஸ்டாண்டில நெருப்பு வைச்சு, கண்ணாடி எல்லாம் உடைச்சு, ட்ராக்கில பற்றை முளைச்சுக் கிடக்குது. வீடு கட்டக் கூடாது எண்டு சொல்ல கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கு. ரேஸ் நடத்து எண்டு சொல்ல இல்லை. காணிக்காரன் பூட்டின கேட் பூட்டினபடி. 2018ல பீஸ் எண்ட பேரை விடக் கூடாது எண்டு லெஸ்டர்ல போய் மூண்டாம் டிவிஷனான நேஷனல் லீக் ஓடிச்சினம். நான் போனனான். அது கொவென்றி இல்லை.

செல்வி_ஷெஃபீல்ட்:

திரும்பி வந்த ட்ராக்கும் இருக்கே? வொர்க்கிங்டன் 2023ல நார்த்சைட்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. ஆக்ஸ்ஃபர்டு 2007ல மூடினது 2022ல திறந்தது. முதல் ராத்திரி கூட்டம் பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். பதினஞ்சு வருஷம் கழிச்சும் ஜனம் இருக்குன்னா மணி சொல்ற "பார்க்க ஆளில்ல" எங்க நிக்குது?

மெத்தனால்_மணி:

திறந்த அன்னிக்கு எந்தக் கடையிலயும் கூட்டம் இருக்கும் செல்வி. மூணாவது வருஷம் மழை பெய்யுற ஒரு புதன்கிழமைக்குக் கணக்கு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

ஹீட்15:

ஆக்ஸ்ஃபர்டு இடம் யாரோடது?

பிராண்டன்தேனீ:

வாடகை.