பழைய மாருதி 800: மீட்டர் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றலாமா?

மண்டபம் 800 கேட்டது:

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு வாங்கிய கார்புரேட்டர் மாருதி 800. வீடு மண்டபத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், முற்றத்தில் நிற்கும் வண்டி ஆண்டு முழுவதும் உப்புக்காற்றில்தான் கிடக்கிறது. சில மாதங்களாக மீட்டர் வெளிச்சம் மிகவும் மங்கிவிட்டது. இரவில் உச்சிப்புளிப் பக்கம் தெருவிளக்கு இல்லாத இடங்களில் வேகத்தைப் பார்க்க, அருகில் இருப்பவர் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. கழற்றிப் பார்த்ததில், கண்ணாடி அடியை அப்படியே ஹோல்டரில் செருகும் பல்புதான். 12 வோல்ட், 3.4 வாட் என்று போட்டிருக்கிறது. அதே அளவில் 5 வாட் பல்பும் எல்.இ.டி.யும் ராமநாதபுரம் கடைகளில் கிடைக்கின்றன. நீல நிற எல்.இ.டி. போட்டால் புது வண்டி போல இருக்கும் என்கிறார் கடைக்காரர். எதைப் போடுவது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் சற்று நகர்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

தொண்டி ஒயர்மேன்:

நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹெட்லைட் போடும்போது முள் நகர்கிறது என்றால், மீட்டருக்கு வரும் எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நம் கடற்கரையில் இது புதிதல்ல. பாடியில் திருகியிருக்கும் எர்த் ஒயரின் வளையத்தில் பச்சையாகக் களிம்பு பூத்து, அதன் அடியில் தகரமும் துருவேறியிருக்கும்.

இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு சேர்ந்து சீராகக் குறைவதில்லை. 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 வோல்ட் மட்டும் கிடைத்தால், வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே பல்பைக் குறை சொல்வதற்கு முன், பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை மீட்டரின் பின்புறம் வரும் எர்த் ஒயரிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கேதான் கோளாறு. அந்த வளையத்தைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள்.

5 வாட் பல்பைத் தொடவே தொடாதீர்கள். அளவு ஒன்றாக இருப்பதால் அது உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் சூட்டில் பிளாஸ்டிக் கூடு இளகி வளைந்துவிடும். பழைய மீட்டருக்கு மாற்றுக் கூடு தேடி அலைவது தனிக் கதை.

கீழக்கரை வாசகர்:

மேலே உள்ளவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எல்.இ.டி. வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. நான் மாற்றி மூன்று ஆண்டுகளாகின்றன. முதலில் ஆசைப்பட்டு நீலத்தைத்தான் போட்டேன். எண்கள் பளிச்சென்று தெரிந்தன, முள்ளைத்தான் காணவில்லை! ஆரஞ்சுச் சிவப்பு முள்ளின் மேல் நீல ஒளி விழும்போது, அந்த ஒளியில் சிவப்பே இல்லாததால் முள் கறுப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இருட்டுச் சாலையில் நீலம் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் ஊரில் வண்டி பார்க்கும் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மஞ்சள் சாய்ந்த வெள்ளை நிறத்தை வாங்கிவரச் சொன்னார். அதன் பிறகு குறை இல்லை.

வாங்கும்போது, நுனியில் மட்டும் எரிவதைத் தவிர்த்து, பக்கவாட்டிலும் ஒளிவிடும் சில்லுகள் உள்ளதைக் கேளுங்கள். இழை பல்பு நாலாபுறமும் ஒளி வீசும், கூட்டின் வெள்ளைச் சுவர் அதைப் பரப்பும் என்ற கணக்கில்தான் பழைய மீட்டர்களைச் செய்திருக்கிறார்கள். நுனி மட்டும் எரிந்தால் ஓரிடத்தில் வட்டமாக வெளிச்சமும் மற்ற இடத்தில் இருட்டும் இருக்கும். பொருத்தியதும் எரியவில்லை என்றால் பழுது என்று எறிந்துவிடாமல், எடுத்துத் திருப்பிச் செருகுங்கள், எல்.இ.டி.க்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு.

தொண்டி ஒயர்மேன்:

ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். வெளிச்சத்துக்கான பல்புகளை மாற்றுவதோடு நின்றுவிடுங்கள். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கை மாற்ற வேண்டாம். பல வண்டிகளில் அந்தப் பல்பின் வழியாகச் செல்லும் சிறு மின்சாரம்தான், நாம் டைனமோ என்று அழைக்கும் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. எல்.இ.டி. விடும் மின்சாரம் அதற்குப் போதாமல், வண்டி ஓடியும் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம். இண்டிகேட்டருக்கு இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு இருந்தால், அதிலும் சாதாரண எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டுமே மின்னும்.

மண்டபம் 800:

ஞாயிறு காலை முழுவதும் இதே வேலையாக இருந்தது. ஐயா சொன்னபடி அளந்ததில் எர்த்தில் மட்டும் 1.7 வோல்ட் காட்டியது, பேட்டரியில் 12.5 இருக்க, பல்புக்குக் கிடைத்தது 10.3தான். டாஷ்போர்டுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துத் தேடியதில், அந்த வளையம் துளசி இலை நிறத்தில் இருந்தது. தேய்த்து இறுக்கிய பின் எர்த்தில் 0.1 வோல்ட்தான் காட்டுகிறது. மீட்டரை வெளியே எடுத்தபோது ஹோல்டர்களின் பித்தளை நாக்குகளையும் துடைத்து, கூட்டுக்குள் படிந்திருந்த தூசியையும் ஈரத்துணியால் எடுத்தேன். ஸ்பீடாமீட்டர் கேபிளைத் திரும்பச் செருகுவதற்குத்தான் அரை மணி நேரம் பிடித்தது.

பெட்ரோல் முள் இப்போது அசையவில்லை. நேற்றிரவு பழைய பல்புகளோடே ராமநாதபுரம் வரை போய் வந்தேன், கைப்பேசி தேவைப்படவில்லை. வாங்கிய எல்.இ.டி.கள் உறை பிரிக்காமல் இருக்கின்றன. பெட்ரோல் முள் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாக இருப்பதால், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் நிறம் வேறுபட்டுத் தெரியுமா என்று கீழக்கரை நண்பர் சொன்னால் நன்றாக இருக்கும்.

கீழக்கரை வாசகர்:

கட்டாயம் தெரியும். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்துப் பல்பை எடுத்துக் கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் புதிய 3.4 வாட் பல்பு ஒன்று போதும்.