துபாயில் நிற்கும் காரை ஊரிலிருந்தே விற்பது எப்படி?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் குடியாத்தம் வந்துட்டேன், இனி திரும்பிப் போறதா இல்லை. கார் துபாயில் நண்பன் வீட்டு வாசலில் நிக்குது. வாங்க ஒருத்தர் தயார். ஆனா "சாவியைக் கொடுங்க, பேரை அப்புறம் மாத்திக்கலாம்"ங்கிறார். அதுதான் பயமா இருக்கு. முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) என் பேர்ல இருக்கிறவரை ஃபைன், சாலிக் (துபாய் ரோட்டு டோல்) எல்லாம் என் தலையிலதானே விழும்?

நண்பனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கலாம்னா, அமீரகத்துக்கு அப்போஸ்டில் (பல நாடுகள் ஏத்துக்கிற ஒரே சான்று முத்திரை) செல்லாது. நோட்டரி, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம்னு வரிசையா முத்திரை வாங்கணும், அப்புறம் அரபி மொழிபெயர்ப்பு வேற. வேலூர்ப் பக்கம் யாராவது இதைச் செஞ்சிருக்கீங்களா? எத்தனை நாள் ஆச்சு, என்ன செலவாச்சு? பாசிங் (வண்டிச் சோதனை), பேர் மாத்துற கட்டணம் யார் கட்டினீங்க, வித்தவரா வாங்கினவரா? லோன் பாக்கி எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் அடுத்த மாசம் முடியுது, அதான் அவசரமா கேக்குறேன்.